இடது கரைப் பாறை

அக்கா பாறைகளை ஆராய்பவள், தம்பி பொறியாளன். ஒரே அணையில்தான் இருவருக்கும் வேலை.

“இடது கரைப் பாறை நழுவும்டா. தண்ணி நிரப்ப வேண்டாம்.”

“எப்போ, எவ்வளவு நழுவும்? கணக்கு இல்லாம பேசினா எங்க ஆளுங்க சிரிப்பாங்கக்கா.”

“தெரியாத கணக்கைச் சொன்னா எங்க ஆளுங்க என்னை மதிக்கவே மாட்டாங்க.”

தம்பி சிரித்து மழுப்பினான். அணை நிரம்பியது.

ஒரு காலையில் அணைச் சுவருக்குள்ளிருக்கும் சோதனைச் சுரங்கப் பாதையிலிருந்து, அணையடி அலுவலகத்திலிருந்த அவளைத் தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, இரும்புக் கதவு திறக்க மாட்டேங்குது. கதவு நிலை கோணிப்போச்சு.”

பாறை நகர்ந்துவிட்டது.

“இன்னொரு வாசல் இருக்கேடா?”

“அங்கேருந்துதான் தண்ணி வருது.”

அபாயச் சங்கின் பொத்தானை அழுத்தினாள். கீழே ஊர்த் தெருக்களில் ஜனங்கள் ஓடத் தொடங்கினார்கள். அவள் ஓடவில்லை. “பேசிக்கிட்டே இருடா” என்றாள்.