இடம் மாறிய பெஞ்ச்

அந்த ஊரில் யாருக்கும் உறவில்லாத ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. நகராட்சி உறுப்பினர்களின் நடத்தையைக் கவனிக்க, எந்தக் கட்சியிலும் சேராத, எந்த உறுப்பினருக்கும் சொந்தமில்லாத ஒருவரைக் கண்காணிப்பாளராகப் போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, நகராட்சிச் செயலாளர் ஆள் தேடி அலுத்துப்போனார். பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டால் அவர் ஓர் உறுப்பினருக்கு மச்சான். மருந்துக்கடைக்காரரைக் கேட்டால் இரண்டு உறுப்பினர்களுக்குச் சித்தப்பா. தபால்காரர் மட்டும் தனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சத்தியம் செய்தார். விசாரித்துப் பார்த்தால், நகராட்சித் தலைவரின் மகளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அகப்பட்டவள் கண்ணாடிக்காரம்மா. கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கும் கடைக்குச் சொந்தக்காரி. கணவர் தவறிப்போய் வெகுகாலமாகிவிட்டது. மகளுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால் கூடவே வந்தவள். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையாக இருக்க, அவள் மட்டும் 'மேடம்'. இதைக் கேட்ட செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்கோ உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது. தகுதி என்று அவர்கள் சொன்னது அவளுடைய தனிமையைத்தான்.

ஆனால் ஏற்றுக்கொண்ட வேலையில் அவளை அசைக்க முடியவில்லை. தலைவர் அனுப்பிய புத்தாண்டு காலண்டர் வந்த வேகத்தில் திரும்பிப் போனது. கூட்டத்தில் சக உறுப்பினரைத் தூங்குமூஞ்சி என்று திட்டியவரை மன்னிப்புக் கேட்க வைத்தாள். பிறகு, தூங்கியதற்காக அந்தத் தூங்குமூஞ்சியையும் மன்னிப்புக் கேட்க வைத்தாள்.

தினமும் சாயங்காலம் கடையை அடைத்ததும் எதிரேயுள்ள ரொட்டிக்கடைக்குப் போவாள். அந்தக் கடைக்காரரும் ஓர் உறுப்பினர். ஆகவே சில்லறையை முதலில் வைத்துவிட்டுத்தான் பன்னைத் தொடுவாள். கல்லாவில் இருக்கும் அவருடைய தங்கை, "இருக்கட்டும் மேடம்" என்பாள். "இருக்கக் கூடாது" என்பாள் இவள். பிறகு வாசல் பெஞ்சில் உட்காருவாள். கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே ரொட்டிக்கடைக்காரரும் வந்து மறுமுனையில் உட்காருவார். கல்யாணம் வேண்டாம் என்று அடுப்போடும் மாவோடும் காலத்தை ஓட்டிவிட்ட மனிதர். மழை, மகள், புளிக்காத மாவு, மூக்கில் நிற்காத கண்ணாடி என்று பேச்சு எங்கெங்கோ போகும். தெருவிளக்கு எரிந்த பிறகுதான் அவளுக்கு வீட்டு ஞாபகம் வரும். பன்னுக்குத்தான் காசு கொடுத்தாயிற்றே, நேர்மைக்கு என்ன குறைச்சல் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். வாசலை இறுக்கிப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்டது போல.

அப்போதுதான் சைக்கிள்கடை உறுப்பினர் புகார் கொடுத்தார். அவர் கடைப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் இருந்த நகராட்சி பெஞ்சை, ரொட்டிக்கடைக்காரர் பதவியைப் பயன்படுத்தித் தன் கடை வாசலுக்குத் தூக்கிப் போய்விட்டார், எல்லாம் வியாபாரத்துக்காக என்பது புகார். கண்ணாடிக்காரம்மாவுக்குத் திக்கென்றது. நானும் அதில் உட்காருவதுண்டுதான், ஆனால் ஊரே உட்காருமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு விசாரணையில் இறங்கினாள். அன்றிலிருந்து ரொட்டிக்கடைப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

முதலில் ரொட்டிக்கடைக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரரை அழைத்தாள். செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

"அந்த பெஞ்ச்ல யார் யார் உட்காருவாங்க?"

தையல்காரர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுவரைப் பார்த்தார்.

"நீங்கதான் மேடம்."

"என்னைத் தவிர?"

"ரொட்டிக்கடை அண்ணன்."

"வேற யாருமே உட்கார மாட்டாங்களா?"

"சாயங்காலத்துல எப்படி மேடம் உட்காருறது? நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்கும்போது நடுவுல போய் உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?"

செயலாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அடுத்து வந்தவள் கல்லாத் தங்கை. அவளிடம் சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "பெஞ்ச் எதுக்கு அங்க வந்துச்சு?"

"போன வருஷம் உங்களுக்கு முழங்கால் வீங்கியிருந்துச்சே மேடம். கம்பத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே பன் சாப்பிட்டீங்க. அண்ணனுக்குத் தாங்கல. அப்ப பஸ் ஸ்டாப் கூரையப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. அந்த ஆளுங்ககிட்ட சொல்லி பெஞ்ச இங்க போட வெச்சாரு. வேலை முடிஞ்சதும் திருப்பி வெச்சிருக்கணும். அதுக்குள்ள உங்க கால் சரியாயிடுச்சு. ஆனா அவருக்குத்தான் மனசு வரல."

கண்ணாடிக்காரம்மாவுக்கு முகம் சூடேறியது. கோபமா என்று பார்த்தாள். கோபம் இல்லை. இத்தனை சந்தோஷத்தை வைத்துக்கொண்டு எப்படி விசாரணை நடத்துவது என்றுதான் புரியவில்லை.

தங்கை போனதும் செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடலாம் மேடம். பெஞ்ச எடுத்த இடத்துல வெச்சாச்சுன்னு கூட்டத்துல நீங்க ஒரு வரி சொன்னாப் போதும். யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க."

அன்று அவள் வீட்டில் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்ததை மகள் கவனித்தாள். விஷயத்தைக் கேட்டு வாங்கினாள்.

"அவர் மேல தப்புன்னு சொல்லிட்டா?"

"என் பேரைக் காப்பாத்திக்க அவரை மாட்டிவிட்ட மாதிரி ஆகும்."

"தப்பு இல்லன்னு சொன்னா?"

"அவர் எனக்கு வேணும்னு சொன்ன மாதிரி ஆகும்."

"வேணுமா?"

தட்டைத் துடைத்த கை நின்றது. "வேணும்டி" என்றாள். சொன்ன பிறகு கண் கலங்கிவிட்டது.

மகள் சிரித்துக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள். "அப்ப அதையே கூட்டத்துல சொல்லிடு."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. இந்த ஊர் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

மகளுக்கென்ன, சொல்லிவிட்டாள். பதவி போவது இருக்கட்டும். அவர் மனத்தில் இரக்கத்துக்கு மேல் ஒன்றும் இல்லை என்றால், அத்தனை பேர் நடுவில் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கூட்ட நாளில் நகராட்சி அறையில் நிற்க இடமில்லை. ஒரு விஷயத்தில் தனக்குச் சம்பந்தம் உள்ளவர், அது ஆரம்பிக்கும் முன்பே எழுந்து வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. மற்றவர்களுக்கு அதைப் படித்துப் படித்துச் சொன்னவளே அவள்தான். எழுந்தாள். யார் முகத்தையும் பார்க்கத் தைரியம் இல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். உறுப்பினர்கள் எல்லாரும் மங்கலாகிப் போனது சௌகரியமாக இருந்தது.

"தலைவரே, இந்தப் புகாரை விசாரிக்க எனக்குத் தகுதியில்ல. அந்த பெஞ்ச் எனக்காகத்தான் இடம் மாறிச்சு. தினமும் அதுல உட்கார்ந்தவ நான்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதோட, இந்த உறுப்பினரை எனக்குப் பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும். விதிப்படி அதைச் சொல்லிட்டு நான் வெளியே போறேன்."

கண்ணாடி இல்லாமல் விறுவிறுவென்று நடந்தவள் நேராகப் பீரோவின் கதவைத் திறந்துவிட்டாள். செயலாளர் ஓடிவந்து சரியான வாசலைக் காட்டினார்.

வராந்தாவில் நின்று கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள். உள்ளேயிருந்து ரொட்டிக்கடைக்காரரின் குரல் கேட்டது.

"தலைவரே, நானும் ஒரு சம்பந்தத்தைச் சொல்லணும்."

"புகாரே உங்க மேலதான். தனியா என்ன சம்பந்தம்?"

"இப்ப அவங்க சொன்னாங்களே, அதேதான். என்ன, எனக்குச் சொல்றதுக்குத் தைரியம் வரல. பெஞ்சத்தான் தூக்கிட்டு வர முடிஞ்சுது."

எழுந்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. அதோடு கைதட்டலும் சேர்ந்துகொண்டது. சம்பந்தம் சொன்னவர் வெளியே போயாக வேண்டுமே. அவரும் வராந்தாவுக்கு வந்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு பெஞ்ச். இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "நீங்க செஞ்சது தப்பு."

"தப்புதான்."

"மன்னிப்புக் கேட்கணும்."

"கேட்கிறேன்."

"சைக்கிள்கடைக்காரர்கிட்ட."

"அவன்கிட்டயா?"

"அவர்கிட்டதான்."

"சரி" என்றவர், நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பக்கத்து ஊர்க் கண்காணிப்பாளர் வந்து புகாரை விசாரித்தார். சிரிக்கவே தெரியாத மனிதர். காரணம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் பொதுச்சொத்து பொதுச்சொத்துதான், பெஞ்ச் திரும்ப வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் சபையில் மன்னிப்புக் கேட்டார். பிறகு அவர் ஒரு முனையும் சைக்கிள்கடைக்காரர் மறுமுனையுமாக, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே பெஞ்சைத் தூக்கிப் போய் வைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் கண்ணாடிக்காரம்மா ராஜினாமா செய்தாள். காரணம் கேட்டபோது, கல்யாணம் என்றாள். தலைவர் விரல்விட்டு முறை பார்க்க ஆரம்பித்தார். "ரொட்டிக்கடைக்காரர் எனக்குப் பெரியம்மா மகன். அப்ப நீங்க எனக்கு அண்ணி."

"எனக்கு அவன் அத்தை மகன்" என்றார் சைக்கிள்கடைக்காரர். "மச்சான் சம்சாரம்னா அக்கா முறை. கடைசில எங்க அக்கா உட்கார்ந்த பெஞ்சுக்கா நான் புகார் குடுத்தேன்?"

தூங்குமூஞ்சி உறுப்பினர் அப்போதுதான் கண் விழித்தார். "எனக்கு மருமகள்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவரை யாரும் கண்டிக்கவில்லை. கண்டிக்க வேண்டியவள் சிரிப்பும் அழுகையுமாக நின்றுகொண்டிருந்தாள். செயலாளர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். இனி மறுபடியும் ஆள் தேட வேண்டும்.

"இந்தத் தடவை கல்யாணம் ஆனவங்களாப் பாருங்க" என்றார் தலைவர்.

சாயங்காலம் அவள் ரொட்டிக்கடைக்குப் போய், வழக்கம்போல் சில்லறையை எடுத்து வைத்தாள். தங்கை அதைத் திருப்பித் தள்ளினாள்.

"எடுத்துப் பைக்குள்ள போடுங்க அண்ணி."

"இல்ல, அது..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தடுக்க எந்த விதியும் இல்லை. சில்லறையைப் பைக்குள் போட்டாள். சூடான பன்னை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். பின்னாலேயே இரண்டு கையிலும் டீயோடு அவர் வந்தார். பழைய பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஊரில் முதல் தடவையாக ஓசிப் பன் தின்றாள்.

"எனக்கு இல்லையாக்கா?" என்று சைக்கிள்கடையிலிருந்து குரல் வந்தது.

அவள் நகர்ந்து இடம் விட்டு, பன்னில் பாதியைப் பிய்த்து நீட்டினாள்.