வாசலுக்குப் பக்கத்தில் நின்ற பழைய பதிப்பு

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. அந்த வரியும் என்னுடையதல்ல. கிசுமு ஊர் ஏரிக்கரை மீனவர்களின் கைப்பேசிக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் அபோண்டி என்பவள், ஒரு கணினி லைப்ரரிக்குள் கண்டெடுத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஏரி அன்று கண்ணாடிபோல்...

அடித்துவிட்டேன். அந்தக் கரையில் மீன்கூடை சுமந்தவனுக்கு ஏரி கண்ணாடியாகத் தெரிந்ததில்லை.

2

அன்று காலை அபோண்டி, அலை உயரம் கணிக்கும் புது லைப்ரரி ஒன்றைத் தன் எச்சரிக்கை நிரலில் சேர்த்தாள். லைப்ரரி என்றால் பிறர் எழுதிவைத்த நிரல். ஒன்றைக் கூப்பிட்டால் தனக்கு வேண்டியவற்றையும் கூட்டிவரும். கல்யாணத்துக்கு அழைத்தவன் மச்சானைக் கூட்டிவர, மச்சான் சகலையைக் கூட்டிவருவதுபோல. ஒரே பெயரில் இருவர் வந்துவிட்டால், எல்லாவற்றையும் கோத்துக் கட்டும் கருவி வாசலுக்குப் பக்கத்தில் நிற்பவனை வைத்துக்கொண்டு மற்றவனை அனுப்பிவிடும். வயது கேட்காது.

அப்படித்தான் மணி கணக்கிடும் லைப்ரரியின் புதிய பதிப்பு வெளியே போனது. அலை லைப்ரரியோடு வந்த பழையது உள்ளே உட்கார்ந்தது. அவள் கவனிக்கவில்லை.

(அந்த ஊரில் பொழுது விடிந்ததிலிருந்தும் சாய்ந்ததிலிருந்தும் மணி எண்ணுவார்கள். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று. உலகக் கடிகாரம் அதை ஏழு என்னும். ஆறைக் கழிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை.)

3

பிற்பகலில் ஒபாரே கூப்பிட்டான். கல்லூரியில் அவளோடு ஒரே கணினியில் நிரல் எழுதியவன். இப்போது படகு ஓட்டுகிறான்.

"உன் சேதி வந்துச்சு. காத்து மணி ஏழுக்காமே?"

"நம்பலேன்னா வானத்தப் பாத்துக்கடா."

"வானம் உன்னவிட ஒழுங்கா வேல செய்யும். ஏழுன்னா நடுச்சாமம் தாண்டித்தானே? அதுக்குள்ள வலையெடுத்துட்டு வந்துருவேன். உனக்கு ஒரு மீன் உண்டு."

"போன வாரமும் உண்டுன்ன. பூனைக்குத்தான் கெடச்சுது."

சிரித்தபடியே திரையைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றது. காற்று வருவது ஊர் மணி ஒன்றுக்கு. செய்தி ஏழு என்கிறது. செய்தி அனுப்பும் லைப்ரரி ஆறைக் கழிக்கிறது. அதற்கு முன்பே இன்னொன்று கழித்துவிட்டது. ஒன்றிலிருந்து மறுபடி ஆறு பின்னே போனால் கடிகாரத்தில் ஏழு. எது எதைக் கூட்டிவந்தது என்று வரிசையாகத் தேடிப்போனாள். பழைய பதிப்பு. கல்லூரியில் ஒபாரேயும் அவளும் சேர்ந்து எழுதியது. அதற்குள், பின்னால் வந்தவர்கள் நீக்கிவிட்ட வரி. அதன் தலைமேல் ஒபாரேயின் குறிப்பு:

'ஆறைக் கழி. அபோண்டி மண்டையில ஊர் மணிதான் ஏறும்.'

காலை எட்டு மணித் தேர்வுக்கு அவள் ஊர்க் கணக்கில் எட்டுக்கு, அதாவது பிற்பகல் இரண்டுக்குப் போய் நின்ற வாரம் அவன் எழுதியது. விடுதி அறை, ஒரு தட்டு அவித்த சோளமும் பயறும், இரண்டு கரண்டி...

(இதற்குமேல் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். எழுத எழுத இனித்தது. படகோ போய்க்கொண்டிருக்கிறது.)

4

அலையோடு வருகிற பழையதை வாசலிலேயே நிறுத்து என்று கருவிக்கு ஒரு வரி எழுதினாள். தனக்காக எழுதப்பட்ட வரி அதோடு போயிற்று. சரியான செய்தி எல்லாக் கைப்பேசிக்கும் பறந்தது. ஒபாரேயைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. தண்ணீருக்குப் பயந்து கைப்பேசியை பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பலகைக்கு அடியில் வைப்பான்.

முடிவு ஒன்று: பைக்குள் வெளிச்சம் தெரிகிறது. படகைத் திருப்புகிறான்.

முடிவு இரண்டு:

எழுத எனக்குக் கை வரவில்லை.

அபோண்டி கரையில் நிற்கிறாள். மற்றப் படகுகள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. சூரியன் இறங்குகிறது, ஊர்க் கணக்கில் மணி பன்னிரண்டு. காற்று வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதை உங்கள் கையில் தருகிறேன்.