நீண்டுபோன அரண்மனைக் கதை

மாவிளக்கு நாளில் அரண்மனைக் கோயிலின் கதையை ஜமீன் வாரிசு சொல்லி முடித்த பிறகுதான் பெண்கள் அணையாவிளக்கிலிருந்து தங்கள் விளக்குகளை ஏற்ற வேண்டும். இப்போதைய வாரிசு கோட்டைச்சாமி வழக்கமாக அதை அவசர அவசரமாக ஒப்பித்துவிட்டுப் பொங்கல் வாங்கப் போய்விடுவார். இந்த வருஷம் கதை முடிகிற பாடாக இல்லை.

முடிக்கப் பயம். சன்னதிக்கும் அரண்மனைக் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர், அதில் ஒரு கல் சாளரம். அந்தக் கூடத்தைக் காலி அட்டைப்பெட்டி வைக்கவென்று ஒரு பட்டாசு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். காலையில் எட்டிப் பார்த்தால் வெடிமருந்து மூட்டைகள்! "சீசன் நேரம்யா. பூசைக்கு முந்தி லோடை எடுத்திருதேன்" என்றவன் இப்போது போனையே எடுக்கவில்லை. வெளியே சொன்னால் போலீஸ் வரும், ஜமீன் மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால்? சாளரத்துக்கு இந்தப் பக்கம் ஊர்ப் பெண்களின் விளக்கெல்லாம் எரியும்.

"காரியாபட்டிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த ராணி, குலசாமிய நெனச்சு அழுதாக. ராசா அங்கன போயிப் பிடிமண் எடுத்தாந்து, அரமனைக்குள்ளயே கோயில் கட்டுனாக. ராணி படுத்த எடத்துலருந்தே அம்மனைப் பாக்கத்தான் இந்தச் சாளரம்" என்று காட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அடுத்துப் பஞ்சம் வந்தது, படை வந்தது, ராசாவுக்கு இதுவரை இல்லாத இரண்டு தம்பிகள் பிறந்தார்கள். போன் மட்டும் வரவில்லை.

"ராசா, போன வருசம் இம்புட்டுக் கதை இல்லையே!" என்றாள் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் அய்யம்மாள். கூட்டம் சிரித்தது. கதை முடிந்ததென்று நினைத்து, கோட்டைச்சாமியின் மகள் சுகிர்தா தட்டோடு எழுந்தாள். முதல் விளக்கு ஜமீன் பெண்ணுடையது. அணையாவிளக்கோ சாளரத்துக்கு நேர் கீழே எரிந்தது.

கோட்டைச்சாமி பாய்ந்துபோய் அதை வாயாலேயே ஊதி அணைத்தார்.

"அய்யோ, தாயே!" என்று கூட்டம் அலறியது.

"அந்தப் பக்கம் மருந்து மூட்டை கெடக்கு. நாந்தான் வாடகைக்கு விட்டேன். எல்லாரும் வெளிய போங்க!"

பட்டாசாலேயே பிழைக்கும் அந்த ஊருக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. தட்டுகளைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். சுகிர்தா அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைச்சாமிக்கு வெட்கத்தில் கால் நகரவில்லை. வாசல்வரை போய்விட்ட அய்யம்மாள்தான் திரும்பி வந்தாள். ராசா என்பதைத் தவிர வேறு சொல்லால் அவரை அழைத்தறியாதவள், கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் என்னலே நிக்கிறே? வெளிய வா!"

கோட்டைச்சாமி அவள் பின்னால் போனார்.