அம்சவள்ளி போன இடம்

செந்துறை பஸ் போகும் வழியில் இருந்த அந்த ஊரில், இளையபெருமாள் இரண்டு வருடமாக வீட்டு வரி கட்டவில்லை. காசில்லாமல் அல்ல. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் அவனுக்கு நிரந்தர வேலை. தெருக்குழாயில் தண்ணீர் நின்றுபோன அன்று, டீக்கடையில் பத்துப் பேர் கேட்கும்படி அவன் சபதம் போட்டுவிட்டான்.

"தண்ணி வரட்டும். வரி தானா வரும்."

ஊரே தலையாட்டியது. பிறகு ஊர் சத்தமில்லாமல் போய் வரியைக் கட்டிவிட்டு வந்தது. இளையபெருமாள் மட்டும் தனியாக மிஞ்சினான். தனியாக மிஞ்சியவனுக்கு வீம்பு இரட்டிப்பாகும். பஞ்சாயத்திலிருந்து வந்த நோட்டீசை ஆட்டுக்குப் போட்டான். அதுவும் மென்று பார்த்துவிட்டுத் துப்பியது.

அவன் பகல் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு நாள், வரி வசூலிக்கும் சாமிதுரை, வீடு பூட்டியிருந்தால் திறக்க ஒரு தச்சரோடு வந்து நின்றார். இளையபெருமாளின் மனைவி அம்சவள்ளி வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜப்தி பண்ணச் சொல்லிட்டாங்கம்மா. நான் என்ன பண்ண?"

"பண்ணுங்க. என்ன இருக்கு வூட்டுல?"

உள்ளே போய்ப் பார்த்த சாமிதுரைக்குச் சங்கடமாகிவிட்டது. சமைக்கிற பாத்திரத்தையும் படுக்கிற பாயையும் தொடக்கூடாது என்பது சட்டம். மிச்சமிருந்தது ஒரு முறம், ஒரு சாமி படம். ஆட்டைப் பிடித்துப்போனால் ஆபீசில் யார் தீனி போடுவது? கடைசியில் அவர் பார்வை வாசல் கதவில் நின்றது. நல்ல வேப்பமரக் கதவு. தச்சர் கழற்றினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அம்சவள்ளி அழவில்லை. ஆட்டை அவிழ்த்தாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தாள். கதவுக்குப் பின்னாலேயே நடந்தாள்.

"நீ எங்கம்மா வர்ற?" என்றார் சாமிதுரை.

"கதவில்லாத வூட்டுல பொம்பள எப்படிங்க இருக்குறது? கதவு எங்கயோ, நானும் அங்க."

பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் கதவைச் சாய்த்து வைத்தார்கள். அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆட்டைக் கொடிக்கம்பத்தில் கட்டினாள். மதியத்துக்குள் மூன்று கல் கூட்டி, அடுத்த வீட்டுக்காரி கொண்டுவந்த சட்டியில் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். உள்ளே கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்கள் கணக்கை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தார்கள். சாமிதுரை மட்டும் எச்சில் விழுங்கினார்.

வெயிலில் வந்திறங்கிய பஞ்சாயத்துத் தலைவர் ஆட்டையும் அடுப்பையும் பார்த்துத் திகைத்தார். "மொதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா" என்றார். ஆபீஸ் பானை காலி. அம்சவள்ளி தன் குடத்திலிருந்து ஒரு செம்பு நீட்டினாள். தலைவர் ஒரு வாய் குடித்ததுமே துப்பினார்.

"என்னம்மா இது?"

"ஏரித் தண்ணிங்க. எங்க தெருவுல ரெண்டு வருசமா இதாங்க."

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "கதவத் தூக்கிட்டுப் போயிரும்மா, வரிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"கழட்டுனவங்கதான் மாட்டணும்."

சாயங்காலம் இளையபெருமாள் வீட்டுக்கு வந்தான். கதவில்லை, மனைவியில்லை. இரண்டு நாய்கள் உள்ளே படுத்திருந்தன. அடுத்த வீட்டுக்காரி சொல்லி ஆபீசுக்கு ஓடிவந்தவன், "எவன்டா என் கதவக் கழட்டுனது" என்று ஆரம்பித்தான்.

"உக்காருய்யா" என்றாள் அம்சவள்ளி. "ரெண்டு வருசமா ஏரிக்குப் போயி தண்ணி தூக்குனது யாரு?"

அவன் குனிந்து அந்தக் குடத்தைப் பார்த்தான்.

"இடுப்பு நோவு எனக்கு. வீராப்பு மட்டும் உனக்கா? ஒருநா நீ ஒரு கொடம் தூக்கிருப்பியா?"

தலைவரும் சாமிதுரையும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளையபெருமாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீக்கடையில் ஒருவரும் அவனிடம் கேட்காத கேள்வி அது.

அம்சவள்ளி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கொட்டை உடைத்துச் சேர்த்த காசு. பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தாள்.

"வச்சிக்கிட்டா இத்தன நாளும் சும்மா இருந்த?" என்றான் அவன் மெதுவாக.

"நீ கேக்கலியே."

பிறகு தலைவரிடம் திரும்பினாள். "வரி கட்டியாச்சுங்க. கொழா வர்ற வரைக்கும் தெனம் ஒரு கொடம் ஆபீசுக்கு நானே கொண்டாந்து ஊத்துறேன். குடிங்க."

சொன்னபடியே ஊற்றினாள். ஒரு வாரத்துக்கு மேல் அவர்களால் தாங்க முடியவில்லை. உடைந்த பைப்பை மாற்றிவிட்டார்கள்.

கதவைச் சாமிதுரையும் தச்சரும் வரி கட்டிய அன்றைக்கே கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வரி கேட்டு அந்தத் தெருவுக்கு வரும்போதெல்லாம், வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் சாமிதுரை வாய் திறப்பதில்லை. "வூட்டுல அம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்பார்.