இந்த வேலைக்கு மட்டும்

நாலைந்து அரசு அலுவலகங்கள் சேர்ந்த ஒரு வளாகத்தின் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்கு ‘ஜாக்கிரதை’ என்று பட்டப்பெயர். சும்மா வந்த பெயர் இல்லை. அடையாள அட்டையை நகலெடுக்க யார் வந்தாலும் காது புளிக்க ஒரு பிரசங்கம் கேட்டுத்தான் போக வேண்டும்.

“வெறும் காப்பியைக் கொடுத்துட்டு வராதீங்க. குறுக்கே கோடு போட்டு, எந்த வேலைக்குன்னு எழுதி, தேதி போடுங்க. இல்லைன்னா உங்க பேர்ல எவனாவது குடும்பமே நடத்திட்டுப் போயிடுவான்.”

அதோடு விடமாட்டார். சிவப்புப் பேனாவை எடுத்து ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்று நகலின் குறுக்கே தானே எழுதித் தருவார். எழுதுவதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அப்பேர்ப்பட்டவர் பெயரில் எவனோ ஒன்பது சிம் கார்டு வாங்கி, ‘உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது’ என்று கண்ட பேரையெல்லாம் கூப்பிட்டு ஏமாற்றிவிட்டான். கடை உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோதுதான் ஜாக்கிரதைக்கு விஷயமே தெரிந்தது.

“உங்க பேர்ல மோசடிப் புகார் இருக்கு” என்றார் உரிமப் பிரிவு மேடம். “அது நீங்க இல்லைன்னு போலீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை தாண்டினா கடை வேற ஆளுக்கு.”

பதினாலு வருஷக் கடை. அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது, வேறு பேச்சும் தெரியாது. போன் கம்பெனிக்கு ஓடி ஒன்பது எண்களையும் முடக்கச் சொன்னார். வங்கிக்கு ஓடிக் கணக்கைப் பூட்டி வைக்கச் சொன்னார். போலீசில் புகார் கொடுத்தார். என் அடையாளத்தைத் திருடிவிட்டார்கள் என்று சொல்லப் போன இடத்திலெல்லாம் முதல் வேலையாக அடையாள அட்டையின் நகலைக் கேட்டார்கள். இரண்டு நாளில் பதினேழு நகல். பதினேழிலும் சிவப்புப் பேனா ஓடியது.

“வங்கிக்காரன் விட்டிருப்பான். இல்லைன்னா போன்காரன். இந்த உலகத்துல ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கா?” என்று வீட்டில் குதித்தார்.

“இருக்கே, நம்ம வீட்லயே ஒருத்தர்” என்றாள் மனைவி. பாராட்டா குத்தலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். தனியே விட்டால் அங்கேயும் பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார் என்று மனைவியும் கூடவே போனாள். இன்ஸ்பெக்டர் ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். சிம் கார்டு வாங்கக் கொடுத்த நகல் அது. ஜாக்கிரதையின் அட்டைதான். ஆனால் கோணலாக, நடுவில் கறுப்புக் கோடு விழுந்த நகல்.

“பின்னாடி திருப்புங்க.”

திருப்பினார். ‘காப்பி 12, லேமினேசம் 1’ என்று எழுதியிருந்தது. கீழே வாத்து மாதிரி ஒரு கையெழுத்து.

லேமினேஷனை லேமினேசம் என்று எழுதுகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். மனைவி பதினாலு வருஷமாகக் கிண்டலடித்தும் மாறாத எழுத்து. கெட்டுப்போன காப்பிகளை வீணாக்காமல் அவற்றின் பின்பக்கத்தில் வாடிக்கையாளர்களுக்கு பில் எழுதிக் கொடுப்பது அவர் சிக்கனம். அந்தச் சிக்கனத்தைப் பற்றியும் ஒரு பிரசங்கம் வைத்திருந்தார்.

“மோசடிக்காரன் தனக்குத் தானே பில் போட்டுக்க மாட்டான்” என்றார் இன்ஸ்பெக்டர். “இது உங்க எழுத்துன்னு சொல்லுங்க, இப்பவே லெட்டர் தரேன். ஆனா காப்பி எங்கிருந்து போச்சுன்னும் அதுல எழுதுவேன். வந்தவங்க தாளை வெளியே விடக் கூடாதுன்னு உங்க உரிமத்துலயே இருக்கு, தெரியும்ல?”

இல்லை என்றால் மோசடிக்காரன். ஆமாம் என்றால் கடை போய்விடும். ஜாக்கிரதை மென்று விழுங்கினார்.

“என்னோடது ஒண்ணுதான் சார், தவறிப்போய்...”

இன்ஸ்பெக்டர் ஒரு ஃபைலைத் திறந்தார். ஸ்டேஷன் வேலைக்கு அவர் கடையில் நகலெடுத்த ஒரு வருஷத்து பில்கள். அதுவரை ஸ்டேஷனிலும் ஒருவர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், பிறந்த தேதி, விலாசம். எட்டாவது தாளில் மீசையோடு இன்ஸ்பெக்டரே இருந்தார்.

“எல்லாருக்கும் குறுக்கே எழுதித் தருவீங்களாமே. இதுல ஒண்ணும் காணோமே?”

“அது... நல்ல காப்பியிலதான் சார் எழுதுவேன். கெட்டதுல எதுக்குன்னு...”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஜாக்கிரதைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தனை முகங்களையும் அவருக்குத் தெரியும். அத்தனை பேரையும் எச்சரித்து அனுப்பியவர் அவர்தான்.

“என் எழுத்துதான் சார்” என்றார்.

வெள்ளிக்கிழமை மேடம் கடிதத்தை நிதானமாகப் படித்தார். “முதல் பாராப்படி நீங்க நிரபராதி. சந்தோஷம். ரெண்டாவது பாராவுக்கு ஆறு மாசம் கடையை மூடணும். இருக்கிற கழிவுத் தாளையெல்லாம் கிழிச்சு அழிச்சிடுங்க.”

அன்று மாலைவரை இருவரும் கிழித்தார்கள். மூன்று மூட்டை. கடைசியில், ஷட்டரில் ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று ஜாக்கிரதைக்கு ஞாபகம் வந்தது. கைக்கு எட்டிய தாளை எடுத்து ‘கடை ஆறு மாதம் இயங்காது’ என்று அழகாக எழுதினார், அடியில் கோடும் போட்டார். பசை டப்பாவோடு வந்த மனைவி தாளை வாங்கி, ஒட்டுவதற்குமுன் திருப்பிப் பார்த்தாள்.

அவளுடைய அடையாள அட்டை. கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது.

ஜாக்கிரதையின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கோபப்படக்கூட இல்லை. மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“எழுதுங்க. இது எந்த வேலைக்கு மட்டும்?”