ஆஸ்லின் கேட்ட பிரீசர் பெட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு மை பாட்டிலிலிருந்து கிடைத்தது. உள்ளாட்சித் தேர்தலில், மாரியூருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓட்டுப்போட வருகிறவர்கள் விரலில் மை வைக்கிற வேலை எனக்கு. வாத்தியார் உத்தியோகத்தில் இதெல்லாம் தலையெழுத்து. கடற்கரைத் தெருவுக்கென்று தனி அறை, தனிப் பெட்டி. காலையிலிருந்து ஓர் ஆளும் வரவில்லை. அன்றைக்குச் சும்மா உட்கார்ந்ததில் வந்த அலுப்பு இன்னும் போகவில்லை. அந்த அலுப்போடுதான் எழுதுகிறேன்.

2

'அலைகள் தாலாட்டும் அந்தக் கடலோரக் கிராமத்தில்…' (ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை, எழுதுகிறவனுக்குத் தாலாட்டு கேட்கிறது.)

'மாற்றத்தை நாடி ஒரு பெண் புறப்பட்…' (இது நோட்டீஸ்.)

சரி, சாதாரணமாகவே சொல்லிவிடுகிறேன். மீன் எடுத்து விற்கிற ஆஸ்லின் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்றாள். தருவதாகச் சொன்னது இரண்டு: தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய், சாவு வீட்டுக்கு ஒரு பிரீசர் பெட்டி. சிரிக்காதீர்கள். போன வருடம் அவள் அப்பா இறந்தபோது எங்கே கேட்டும் பெட்டி கிடைக்கவில்லை. வெயிலுக்குப் பயந்து மதியமே அடக்கம் செய்துவிட்டார்கள். துபாயிலிருந்து ஓடிவந்த தம்பி கல்லறை மண்ணைத்தான் பார்த்தான். அன்றிலிருந்து அக்காவோடு அவனுக்குப் பேச்சில்லை.

எதிர்த்து நின்றவர் மேலத்தெரு தர்மராஜ். மிளகாய்க் காடும் செல்வாக்கும் உள்ளவர். கடற்கரைத் தெரு மொத்தமும் வந்து ஓட்டுக் குத்தினால் ஆஸ்லின் ஜெயிப்பாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

3

தேர்தலன்று விடியுமுன் யாகப்பம்மாள் இறந்துபோனாள். ஆஸ்லினை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவளே அவள்தான். (கதைக்காக நான் கொன்றேன் என்று நினைப்பீர்கள். சத்தியமாக அவளாகத்தான் செத்தாள்.)

கடற்கரைத் தெருவில் ஒரு கட்டு உண்டு. பிணம் எடுக்கும்வரை வள்ளம் கடலில் இறங்காது, தெருவை விட்டு ஒரு கால் வெளியே போகாது. பள்ளிக்கூடமோ இரண்டு மைல் உள்ளே. ஓட்டுக்கு மட்டும் போய்வரலாம் என்று பங்குச் சாமியாரே சொன்னாராம். "அவரு மாத்தலாகிப் போயிருவாரு, நாம இங்கனதான கெடக்கணும்," என்று தெரு சொல்லிவிட்டது.

ஆனாலும் யாரும் பதறவில்லை. மதியம் அடக்கம், அப்படியே எல்லாரும் ஓட்டுச்சாவடி என்று பேச்சு. பெட்டிதான் இல்லையே, சீக்கிரம் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே பிரீசர் பெட்டி.

"தர்மராஜண்ணே அனுப்புனாக. மகன் வந்து மொகம் பாக்கட்டும்னு சொன்னாக," என்றான் டிரைவர்.

4

இங்கே எனக்குப் பேனா ஓடவில்லை. முதலில் தர்மராஜுக்கு முறுக்கு மீசை வைத்து, வேன் கிளம்பியதும் அவர் வாய்க்குள்ளேயே சிரி… (அடித்துவிட்டேன்.) பிறகு அவரும் தாயைப் பறிகொடுத்தவர் என்று ஒரு பத்தி எழுதினேன். அதையும் அடித்தேன். மனுஷன் இரக்கப்பட்டாரா, கணக்குப் போட்டாரா? இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே காலையில் இருக்கக்கூடாதா என்ன? கெட்டவர் என்று உறுதியாகத் தெரிந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

5

யாகப்பம்மாளின் மகன் யாக்கோபு, கத்தாரிலிருந்து ஆஸ்லினுக்குத்தான் போன் செய்தான்.

"நாளைக் காலையில வந்துருவேங்க்கா. அம்மாவ வச்சிருங்கக்கா."

ஆஸ்லினின் புருஷன் ஜெயபாலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பெட்டியத் திருப்பி அனுப்பு. நாளைக்கு அடக்கம்னா இன்னைக்கு ஒரு ஓட்டு விழாது."

"என்னன்னு சொல்லி அனுப்ப? பெட்டி வேணும் வேணும்னு வீடு வீடாப் போயிச் சொன்னவ நான்தான."

யாகப்பம்மாள் வீட்டுக் கரண்டு பெட்டிக்குத் தாங்காது. ஆஸ்லின் வீட்டிலிருந்துதான் வயர் இழுக்க வேண்டியிருந்தது. அவளே இழுத்தாள். அவளே சுவிட்சைப் போட்டாள்.

[அப்போது அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லையாம். "என் தம்பிக்கு…" என்று தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாளாம்.]

நானாக இருந்தால் சுவிட்சு ரிப்பேர் என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, நான் தேர்தலில் நிற்கவில்லை.

6

தோற்றாள். அதை ஒளித்துவைத்து உங்களைக் காக்கவைக்க எனக்குத் தெம்பில்லை.

மிச்சம் இவ்வளவுதான். நாலு மணிக்கு, சாவு வீட்டில் உட்கார்ந்திருந்த அவள் பக்கத்தில் ஜெயபால் வந்து குனிந்தான். "நீ மட்டுமாவது போயி ஒனக்குக் குத்திட்டு வா. நம்ம தெரு ஓட்டுப் பெட்டியில சுழின்னா ஊரே சிரிக்கும்."

"ஒண்ணு விழுந்தா அது நான்தான்னு தெரு பூராத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன?"

அவள் எழுந்து, பெட்டி வயரை யார் காலிலும் படாமல் சுவரோரம் ஒதுக்கிவைத்தாள்.

7

ஓட்டு முடிகிற ஐந்து மணியாக இன்னும் பத்து நிமிடம். நான் மை பாட்டிலை மூடப்போகிறேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். ஆஸ்லினா, அறையைப் பூட்ட வந்த வாட்ச்மேனா, எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். வந்தாள் என்றால் பதவி ஆசை என்பீர்கள். வரவில்லை என்றால் ஏமாளி என்பீர்கள். இரண்டையும் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

பாட்டிலைத் திறந்தே வைக்கிறேன். அவளைக் கூட்டிவருவதோ, சாவு வீட்டிலேயே உட்காரவைப்பதோ உங்கள் பாடு. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மறுநாள் காலையில் யாக்கோபு வந்து, அம்மா முகத்தைப் பார்த்தான்.