இடது பின்கதவு

காரை வாங்க வருபவர் மாலை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பழைய கார்களுக்கு விலை மதிக்கும் பெண் பத்து மணிக்கே வந்து, ஷெட்டின் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துக் காரின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காருக்கு உரியவரின் மகன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தான். நாற்பத்தேழு வயது, ஓரிடத்தில் நிற்கத் தெரியவில்லை.

“குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்லுங்களேன் மேடம்.”

“முழுசாப் பாக்காம வாயத் திறக்க மாட்டேன் சார்.”

அவன் ஒரு துணியை எடுத்து பானட்டைத் துடைக்கப் போனான்.

“ஐயோ, அத முதல்ல கீழ போடுங்க! இந்த அழுக்குக்கும் சேத்துதான் விலை.”

உண்மைதான். பாலிஷ் போட்டுப் பளபளக்கும் பழைய கார்கள் எத்தனையோ கிடைக்கும். கம்பெனியை விட்டு வந்த நாளிலிருந்து யார் கையும் படாத கார் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதில் பச்சை நிறம் வெளுத்திருந்தது, சீட் வெடித்திருந்தது, பம்பரில் துரு. வாங்க வருபவருக்கு அதுதான் வேண்டும். போன வருஷம் இறந்துபோன அப்பா அதன்மேல் ஓர் ஈயைக்கூட உட்கார விட்டதில்லை என்று மகன் ஏற்கெனவே நான்கு முறை சொல்லிவிட்டான்.

அம்மா ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்வார், எழுந்து உள்ளே போவார், திரும்ப வருவார். டீ வேண்டுமா என்று மூன்று முறை கேட்டாயிற்று.

பெயின்ட்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவியை அவள் ஒவ்வொரு கதவாக வைத்துப் பார்த்தாள். மூன்று கதவுகளும் ஒரே கணக்கு. இடது பின்கதவில் மட்டும் மூன்று மடங்கு காட்டியது. கருவியை உதறி, மறுபடி வைத்தாள். அதே கணக்கு. கதவோரத்து ரப்பரை நகத்தால் நெம்பினாள். இரண்டு பச்சைகளுக்கு நடுவே பட்டி வைத்த சாம்பல் கோடு தெரிந்தது.

“சார், இந்தக் கதவுல டிங்கரிங் பண்ணிருக்காங்க.”

“சான்ஸே இல்ல. உங்க மெஷின்ல கோளாறு.”

“மெஷின் சரியாத்தான் இருக்கு,” என்றார் அம்மா. எழுந்து நின்றிருந்தார். “நான்தான் இடிச்சேன்.”

மகன் நடப்பதை நிறுத்தினான்.

“உனக்குத்தான் ஓட்டவே தெரியாதேம்மா?”

“எனக்கு ஓட்டத் தெரியும்னு உங்கப்பாவுக்குத் தெரியாது. அவர் ஆபீஸ் வேலையா ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார். மூணு நாள் ஓட்டினேன். மூணாவது நாள் கேட்டுக்குள்ள திருப்பும்போது தூண்ல உரசிடுச்சு. டிங்கர் கடைக்காரர் கால்ல விழாத குறையா கேட்டு, உங்கப்பா வர்றதுக்குள்ள பெயின்ட் அடிச்சு வாங்கிட்டேன்.”

“ஏதாவது அவசரமாம்மா?” என்று மதிப்பீட்டுப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

“ஒரு அவசரமும் இல்ல. ஓட்டணும்போல இருந்துச்சு.” பிறகு மகனைப் பார்க்காமல், “நீ பின்சீட்ல இருந்த. ஆறு வயசு. முன்சீட்ல போய் மோதிக்கிட்ட,” என்றார்.

அவன் கை தானாகத் தாடைக்குப் போனது. அங்கே இரண்டு தையலின் தழும்பு இருந்தது.

“நான் படியில விழுந்தேன்னுதானே சொல்லுவ?”

“படியே இல்லாத வீட்லடா இருந்தோம் அப்போ.”

மதிப்பீட்டுப் பெண்ணுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள். எந்த வருஷம் என்று கேட்டுவிட்டு, டாஷ்போர்டுக்குள் கிடந்த அப்பாவின் நோட்டைப் புரட்டினாள். ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் தேதி போட்டு, பொடிப்பொடியான எழுத்தில். வெளியூர் கிளம்பிய அன்று மீட்டர் 18,412. திரும்பிய அன்று 18,443. இரண்டாவது எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அம்மா நோட்டை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முகம் சிவந்தது.

“தெரிஞ்சிருக்கு! சாகுற வரைக்கும் நாப்பது வருஷம் வாயத் திறக்கலையே இந்த மனுஷன்! அவர் அந்தக் கதவத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு.”

“கதவ ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும்,” என்றாள் மதிப்பீட்டுப் பெண். “ஆறுல ஒரு பங்கு குறையும். ஆனா இப்படி ஒரு நோட்டு கூட இருந்தா அதுல பாதியத் தேத்திடலாம்.”

“நோட்டத் தர மாட்டேன்.”

“அம்மா, விலை...”

“கார எடுத்துட்டுப் போகச் சொல்லு. இத நான் படிக்கணும்.”

மகன் அம்மாவையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். காலையிலிருந்து விலை விலை என்று பறந்தவன், “நோட்டு இல்லைன்னே எழுதிடுங்க மேடம்,” என்றான். அப்படியே எழுதினாள்.

நான்கு மணிக்கு வாங்குபவர் வந்தார். அறிக்கையைப் படித்தார், இடது பின்கதவின் முன் குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் குறைந்த விலைக்கே ஒப்புக்கொண்டார். வண்டியை லாரியில் ஏற்றும் சத்தம் கேட்டும் அம்மா வெளியே வரவில்லை.

மகன் உள்ளே போனான். சமையலறை மேஜையில் நோட்டு விரிந்திருந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கங்களை வேகவேகமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னும் என்னம்மா தேடுற?”

“வட்டம்,” என்றார், தலையை நிமிர்த்தாமல். “அதுக்கப்புறமும் நாலஞ்சு தடவ எடுத்தேன்டா.”